ரெண்டாவது பெண்ணின் பெயர் என்ன?

பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்வது என்ற பேச்சு இப்போது பதிப்புலகத்தில் அடிபடுகிறது. காக்கா வடை கதை அவர்களுக்குச் சின்னதாகிவிட்டது. நாவல் இன்னும் பெரிசு. நடுவில் பேயும் ரத்தமும் சாவும் கலந்த இருட்டான மாயக்கதைகளைப் புதிதாக எழுத வேண்டும் என்கிறார்கள். மேல்நாட்டில் இது ஒரு தனி வகையாகவே வளர்ந்து நிற்கிறது. ஆஞ்சலா கார்ட்டர் 1979இல் பழைய தேவதைக் கதைகளை எடுத்து, அவற்றுக்குள் ஒளிந்திருந்த கத்தியை வெளியே காட்டினார். அதன்பின் எத்தனையோ பேர் அந்தத் தடத்தில் எழுதியிருக்கிறார்கள்.

நல்லது, எழுதட்டும். ஆனால் இருட்டுக் கதை நமக்குப் புதிசா? சேரியில் வளர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். நல்லதங்காள் தன் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தூக்கிப் போட்டதை எந்த வயதில் கேட்டீர்கள்? காத்தவராயன் கழுவேறியதை? மதுரைவீரனை மாறுகால் மாறுகை வாங்கியதை? நமக்கு யாரும் வயது பார்த்துக் கதை சொல்லவில்லை. கருக்கலில் கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டு வளர்ந்த கதைகள் இவை. அவற்றில் உள்ள இருட்டு எங்கிருந்து வந்தது, யார் அதை வெள்ளையடித்தார்கள், வெள்ளையடித்தபோது யாருடைய பெயர் அழிந்தது என்பதுதான் என் கேள்வி. இதை ஒரே ஒரு கதையை வைத்துப் பார்க்கலாம்.

1

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. ஒரு பக்கம் தீபமலை, மறு பக்கம் தேசிங்குராஜன் கோட்டை. 1714இல் நவாபின் படையோடு மோதிச் செத்த தேசிங்குக்குச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கதைப்பாட்டு உண்டு. ஆனால் எங்கள் பக்கம் ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது பம்பையும் உடுக்கையும் அடித்துக்கொண்டு பாடுகிறவர்கள் சொல்வது ராசா கதை இல்லை, ரேணுகை கதை. எங்க ஆயா சொன்னதும் அதுதான்.

சமதக்கினி முனிவனுடைய பெண்சாதி ரேணுகை. தினமும் ஆத்துக்குப் போய்ப் பச்சை மண்ணிலேயே குடம் பிடித்து, சுடாத அந்தக் குடத்தில் தண்ணி கொண்டு வருவாள். அவள் கற்பால் குடம் கரையாது. ஒருநாள் வானத்தில் போன கந்தர்வனின் நிழல் தண்ணியில் விழுந்தது. எவ்வளவு அழகு என்று ஒரு நொடி நினைத்தாள். அவ்வளவுதான், குடம் உடைந்தது. முனிவன் பிள்ளைகளைக் கூப்பிட்டு அம்மாவை வெட்டச் சொன்னான். மூத்தவர்கள் மாட்டேன் என்றார்கள். பரசுராமன் கோடாலியை எடுத்தான்.

ரேணுகை ஓடினாள். அக்கிரகாரத்துப் பக்கம் ஓடவில்லை. ராசா அரண்மனைக்கும் ஓடவில்லை. சேரிக்குத்தான் ஓடினாள். அங்கே ஒரு பொம்பளை வாசலில் நின்றிருந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஓடி வந்தவளைக் கட்டிப் பிடித்து மறைத்தாள். பரசுராமன் போட்ட போட்டில் ரெண்டு தலையும் ஒன்றாக உருண்டது. சொன்ன சொல் கேட்ட பிள்ளைக்கு அப்பன் வரம் கொடுத்தான். அம்மா உயிர் வேண்டும் என்றான் மகன். தலையை எடுத்து உடம்பில் வை, தண்ணி தெளி என்றான் அப்பன். அவசரத்தில் தலை மாறிப்போனது. ரேணுகையின் தலை சேரிப் பெண்ணின் உடம்பில் ஏறியது, அவள்தான் மாரியாத்தா. சேரிப் பெண்ணின் தலை ரேணுகையின் உடம்பில் ஏறியது. அவளை எல்லையம்மா என்பார்கள், மாதங்கி என்பார்கள், ஊருக்கு ஊர் வேறாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையைக் காலனியில் நடத்துகிற மாலைப் பள்ளியில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "சார், வெட்டுறதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது அம்மா பேரு இன்னா?" எம்.ஏ. தமிழில் எனக்கு நாட்டார் வழக்காற்றியல் ஒரு தாள். அந்தத் தாளுக்குப் படித்த எந்த நூலிலும் இந்தக் கேள்வியை நான் பார்க்கவில்லை. மாதங்கி, எல்லையம்மா என்பதெல்லாம் செத்தபிறகு சாமியானவளுக்கு வந்த பெயர்கள். உயிரோடு வாசலில் நின்றாளே, அவளுக்கு என்ன பெயர்? நான் கேட்ட பாட்டுகளில் இல்லை.

2

இப்போது இதே கதையின் வேறு வடிவங்களைப் பார்ப்போம். வரலாறு அங்கேதான் இருக்கிறது.

வியாசர் பெயரில் உள்ள மகாபாரதத்தின் வனபர்வத்தில் ரேணுகை கதை வருகிறது. அங்கே சேரி இல்லை, ரெண்டாவது பெண் இல்லை, தலை மாறவும் இல்லை. சித்திரரதன் என்ற ராசா தன் மனைவியரோடு நீராடுவதைப் பார்த்து ரேணுகையின் மனம் தடுமாறுகிறது. நாலு பிள்ளைகள் வெட்ட மறுத்துச் சாபம் வாங்குகிறார்கள். ஐந்தாவது பிள்ளை வெட்டுகிறான், வரம் கேட்கிறான். அவன் கேட்ட வரங்களைக் கவனியுங்கள். அம்மா உயிர் பெற வேண்டும். அந்தப் பாவம் தன்னை ஒட்டக்கூடாது. தான் வெட்டப்பட்டது அம்மாவுக்கு நினைவிருக்கவே கூடாது.

மறதியை வரமாகக் கேட்கிறான். கொன்றவன் கேட்கிற வரம் அதுதான். எழுந்து நிற்கிற தாய்க்குத் தன் கழுத்தில் கோடாலி விழுந்தது தெரியாது. சமஸ்கிருதப் பிரதி அந்த வரத்தை அப்படியே நிறைவேற்றிக் கொடுத்தது. சேரியின் பாட்டு அந்த வரத்தைக் கொடுக்க மறுத்தது. ரேணுகை மறந்திருக்கலாம், பம்பைக்காரன் மறக்கவில்லை. வெட்டுண்ட ரெண்டு உடம்பையும் வருசா வருசம் நடுத்தெருவில் வைத்துப் பாடுகிறான்.

அடுத்த வடிவம் பாரிசில் அச்சானது. புதுச்சேரிப் பக்கம் வந்து போன பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னெரா 1782இல் தன் இந்தியப் பயண நூலை வெளியிட்டார். மாரியம்மனைப் பறையரின் தெய்வம் என்று எழுதி இந்தக் கதையையும் சேர்த்தார். அவர் நூலில் ரெண்டாவது பெண் வருகிறாள், ஆனால் எப்படி? செய்த குற்றத்துக்காகத் தண்டனை பெற்று வெட்டப்பட்டுக் கிடந்த ஒரு பறைச்சியின் உடம்பாக வருகிறாள். அதில் தாயின் தலையை மகன் ஒட்டவைத்துவிட்டானாம். அதனால் மாரியம்மனுக்குத் தேவியின் நற்குணங்கள் தலைவழியாகவும் ஈனப்பிறவியின் கெட்ட குணங்கள் உடம்புவழியாகவும் வந்தனவாம். இந்த விளக்கத்தை அவருக்குச் சொன்னவர் சேரிக்காரராக இருக்க முடியாது என்பது என் எண்ணம். அடைக்கலம் கொடுத்தவளைக் குற்றவாளி ஆக்குவதில் யாருக்கு லாபம் என்று பாருங்கள், சொன்னவர் யாரென்று தெரிந்துவிடும்.

சொன்னெராவின் நூலைப் படித்த ஜெர்மன் கவி கதே, 1820களில் 'பறையன்' என்ற தலைப்பில் மூன்று பகுதிகளாக ஒரு கவிதை எழுதினார். நம் பெயரிலிருந்து பிறந்து, ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் புழங்குகிற சொல்தான் அந்தத் தலைப்பு. பார்ப்பனத் தலையும் பறைச்சி உடம்புமாக எழுந்த தேவியைக் கடவுளிடம் ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் பரிந்து பேசுகிறவளாக ஆக்கினார். பெரிய மனசுதான். ஆனால் அவர் கவிதையிலும் அந்த உடம்பு கொலைக்களத்தில் கிடந்த குற்றவாளியின் உடம்புதான். வாசலில் நின்று கட்டிப்பிடித்த பொம்பளை கப்பல் ஏறவேயில்லை.

ஆக, ஒரு கதைக்கு மூன்று வடிவம். ஒன்றில் அவள் இல்லை. ஒன்றில் அவள் குற்றவாளி. ஒன்றில்தான் அவள் மனுசி. அந்த மூன்றாவது வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது எழுத்து இல்லை, பம்பையும் ஆயாக்களும்.

3

தலை மாறிய கதை இன்னொன்றும் உண்டு, அதை நிறையப் பேர் படித்திருப்பீர்கள். வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்னது. பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இருக்கிறது. கோயிலில் புருசனும் அண்ணனும் தலையை வெட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றி வைத்துவிடுகிறாள். இப்போது இவளுக்குப் புருசன் யார் என்று வேதாளம் கேட்கிறது. புருசனின் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவன்தான், ஏனென்றால் உடம்புக்குத் தலையே பிரதானம் என்கிறான் ராசா. தாமஸ் மன் 1940இல் இதைக் குறுநாவலாக்கினார். கிரிஷ் கர்னாட் 1971இல் 'ஹயவதன' நாடகம் ஆக்கினார். அவர்கள் ராசாவின் தீர்ப்பைக் கேள்வி கேட்டார்கள். நம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கேள்வி அல்ல, தீர்ப்பு மட்டும்தான்.

1947 ஜூலையில் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது 'அம்புலிமாமா'. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் ஆரம்பித்த அந்தப் பத்திரிகையில் வேதாளக் கதைக்கு மாசாமாசம் இடம் உண்டு. ராசாவின் தோளில் பிணம் தொங்கும் படத்தை மறக்க முடியுமா? இந்த நூற்றாண்டின் இரண்டாவது பத்தில் நின்றுபோனாலும், அதற்குள் பல தலைமுறைகளை வளர்த்துவிட்டது. பிணம், பேய், சுடுகாடு எல்லாம் அதில் தாராளமாக உண்டு. சேரி மட்டும் கிடையாது. ராசா, மந்திரி, செட்டியார், பிராமணர், விறகுவெட்டி இருப்பார்கள். பறையடிக்கிறவனும் செருப்பு தைக்கிறவனும் சொந்தக் கதையோடு வரமாட்டார்கள். இருட்டைக் காட்டினார்கள், ஆனால் அந்த இருட்டில் யார் வாழ்கிறார்கள் என்பதைக் காட்டவில்லை.

உடம்புக்குத் தலைதான் பிரதானம் என்பது சும்மா ஒரு கதைத் தீர்ப்பா? புருஷசூக்தம் சொல்வதும் இதைத்தானே. வாயிலிருந்து பிராமணன், காலிலிருந்து சூத்திரன். நம்மை அந்த உடம்பிலேயே சேர்க்கவில்லை. எங்கள் மாவட்டத்துப் படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் பெரும்பேர் பெற்றது. அங்கே கருவறையில் வணங்கப்படுவது அம்மனின் சிரசு. வட மாவட்டக் கிராமங்கள் பலவற்றில் அம்மன் தலை மட்டும்தான் வெளியே தெரியும். பூமிக்குள் உடம்பு இருக்கிறது என்பார்கள். எங்க ஆயா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தது: "ஒடம்பு நம்முளுது இல்ல, அதான் பொதைச்சிட்டானுங்க."

இதை ஆராய்ச்சி முடிவாக நான் வைக்கவில்லை. தலை மட்டும் வைத்து வணங்குவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் சேரி தன் கதையைத் தானே எப்படி வாசித்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

4

வெள்ளையடிப்பு இந்தக் கதையோடு நிற்கவில்லை. மதுரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். அருந்ததியர் பிள்ளை, பாளையக்காரன் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனான், கடைசியில் கையும் காலும் வெட்டுப்பட்டுச் செத்தான். பெரிய எழுத்துப் புத்தகத்திலும் 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்திலும் அவன் பிறப்பால் ராசா மகன். கெட்ட சகுனம் என்று காட்டில் விடப்பட்டவனை அருந்ததியத் தம்பதி எடுத்து வளர்த்தார்களாம். காத்தவராயனோ பார்ப்பனப் பெண் ஆரியமாலைக்காகக் கழுவேறியவன். அவனைச் சிவன் பிள்ளை, சாபத்தால் கீழே பிறந்தவன் என்று ஆக்கினார்கள். முத்துப்பட்டன் கதையில் பார்ப்பன இளைஞன் ஒருவன் அருந்ததியப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொள்கிறான், அவர்களுக்காகச் செருப்புத் தைக்கிறான். நா. வானமாமலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காக இதைப் பதிப்பித்தார். அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனர்கள், அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவர்கள் மட்டுமே என்கிற பகுதி பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்பதை அவர் எடுத்துக் காட்டினார்.

மூன்றிலும் ஒரே வேலைதான் நடந்திருக்கிறது. சாதி தாண்டியதை மறைக்க முடியவில்லை, ஊரே பாடுகிறது. ஆகவே பிறப்பை மாற்றிவிட்டார்கள். தாண்டவே இல்லை, ராசா மகன்தான் ராசா மகளைக் கட்டினான் என்று ஆக்கிவிட்டால் கதையும் நிற்கும், சாதியும் நிற்கும்.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் முதல் தொகுதியை வெளியிட்டபோது, வெண்பனிப் பெண்ணைக் கொல்லச் சொன்னவள் அவளைப் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். தாய்மையின் புனிதத்தைக் காப்பாற்றச் செய்த திருத்தம் அது. இங்கே திருத்தியது சாதியின் புனிதத்தைக் காப்பாற்ற. இப்படித் திருத்துவதற்குக் குழந்தைகளைச் சாக்கு சொல்வது ரெண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இதை எதிர்த்து நம்மில் முதலில் பேனா எடுத்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, விழாக்களையும் கதைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பொருள் சொன்னார். சிதம்பரத்தில் தீயில் இறங்கிய பண்ணையாள் நந்தனை, பௌத்த அரசனாக எழுதினார். ஆடி மாசத்து அம்மனை, வேப்பிலையால் அம்மை நோய் தீர்த்த பௌத்தத் துறவி அம்பிகை என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் வரலாற்றுச் சான்றோடு நிற்குமா என்று வாதாடலாம். ஆனால் கதை என்பது பிடுங்கப்பட்ட சொத்து, அதற்கும் வழக்குப் போட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

5

பழைய கதையைக் கிளறி என்ன ஆகப் போகிறது என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்துச் செய்தியையே பதிலாகச் சொல்கிறேன். தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் பல பத்தாண்டுத் தடையை மீறி 2023 ஜனவரி 30இல் நுழைந்தார்கள். மாவட்ட அதிகாரிகளும் போலீசும் கூட நிற்க வேண்டியிருந்தது. அதே வருசம் ஆகஸ்ட் மாசம் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் அப்படியே போலீஸ் காவலோடு நுழைவு நடந்தது. ரெண்டும் எந்தக் கோயில்? மாரியம்மன் கோயில். எங்க பாட்டுப்படி எங்க வீட்டுப் பொம்பளையின் உடம்பு இருக்கிற கோயில். அந்த உடம்பின் பிள்ளைகள் உள்ளே போக வண்டி வண்டியாய்ப் போலீஸ் வேண்டும் என்றால், இந்தக் கதை பழசா?

அப்புறம் கொலைகள். 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் கண்ணகியும் முருகேசனும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். முருகேசன் பொறியியல் படித்த தலித் இளைஞர். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. 2013இல் தர்மபுரி இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டை சங்கரைப் பட்டப்பகலில் நடுரோட்டில் வெட்டினார்கள். இவர்களில் பெரும்பாலோர் இருபதைத் தாண்டி ரெண்டு மூணு வருசம் கூட ஆகாதவர்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இருட்டுக் கதை வேண்டாம், மனசு கெட்டுவிடும் என்று சொல்கிற பெரியவர்களைக் கேட்கிறேன்: அவன் நாளைக்குச் சந்திக்கப் போகிற இருட்டு இதுதானே? அதைக் கதையிலாவது முன்கூட்டிக் காட்ட வேண்டாமா?

எழுத்தில் இதைத் தொட்டவர்கள் இருக்கிறார்கள். பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. சாதி மீறிக் காதலித்ததற்காக அண்ணன்மார் கொன்ற பெண் பேயாகிற கதை அதில் உண்டு. அந்தப் பேய் ஏன் நம் பெண்களையே பிடிக்கிறது என்ற கேள்வியும் உண்டு. பெருமாள்முருகன் 'பூக்குழி'யை 2013இல் எழுதி இளவரசனுக்குக் காணிக்கையாக்கினார். சாதி மாறிக் கட்டிவந்த பெண் ஒளிந்திருக்கிற புதரை ஊரே சுற்றி நின்று கொளுத்துகிற கதை. பதின்வயதினருக்கென்று ரெண்டையும் எழுதவில்லை. ஆனாலும் எங்கள் மாலைப் பள்ளிப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து அட்டை கிழித்துவிட்டார்கள்.

6

ஆகவே புதிதாக எழுதுகிறவர்களிடம் ரெண்டு மூணு விசயம் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் சாமியாக்கி முடிக்காதீர்கள். நம் கதைகளில் கொன்றவர்களே கோயில் கட்டி, கெடா வெட்டி, கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். தெய்வமாக்குவதும் மறதி வரம் வாங்குகிற இன்னொரு வழிதான். கொலை கொலையாகவே நிற்கட்டும். பிறப்பை மாற்றாதீர்கள். சேரிப் பிள்ளை சேரிப் பிள்ளையாகவே பொறந்து, காதலிச்சு, ஜெயிக்கட்டும் அல்லது சாகட்டும். அழுகையோடு நிறுத்தவும் வேண்டாம். கூத்தில் துயரம் உச்சத்துக்குப் போகும்போது கட்டியக்காரன் வந்து ராசாவையே நக்கலடிப்பானே, அந்தச் சிரிப்பும் நம் சொத்து. பயமுறுத்துவதற்காக மட்டும் இருட்டைக் காட்டுகிறவன் பிள்ளையை வீட்டுக்குள் அடைக்கிறான். எதிர்த்து நிற்கிறவளையும் அந்த இருட்டிலேயே காட்ட வேண்டும்.

அந்த மாணவி கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் பதில் எங்காவது ஒரு ஊர்ப் பாட்டில் இருக்கும் என்று நம்புகிறேன். பம்பை அடிக்கிற பெரியவர்கள் வயசாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டது. வருகிற ஆடியில் உங்கள் ஊரில் கூழ் ஊத்தும்போது, படிக்கிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் கைப்பேசியோடு அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். ரேணுகை ஓடி வருகிற இடம் வந்ததும் பாட்டு முடிகிற வரை காத்திருந்து கேளுங்கள்: கதவைத் திறந்தவள் யார்? எந்த வீடு? புருசன் உண்டா, பிள்ளை உண்டா? அவள் தலை உருண்டபிறகு அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போட்டார்கள்? பெயர் கிடைத்தால் ஊர்ப் பெயரோடு எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு.